வேற்றுலகத்தார் வருவரோ?

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



இந்த மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு விஞ்ஞானப் பொருளொன்றைப் பேசுமாறு செயலாளர் எம்மைக் கேட்டுக்கொண்டார். எப்பொருளைப் பேசலாம் என்று இளைஞர்களையே வினவினோம். "வேற்றுக் கிரகங்களிலே அறிவுள்ள உயிர்கள் இருந்தால், அவை என்றாவது பூமிக்கு வருமா?" என்று கேட்டனர். விளையாட்டு வினாப் போலத் தோன்றினும், இஃது ஆழமான வினா.

இதனுள்ளே இரண்டு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. அத்தகையோர் இருக்கின்றனரா என்பது ஒன்று; இருப்பின் வருவரா என்பது மற்றொன்று. முதலாவதற்கு 'ஆம்' என்று விடை கூறிய மாத்திரத்தே இரண்டாவதற்கும் விடை கூறிவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கின்றனர். கடலுக்கு அப்பால் ஊர் உண்டு என்பது வேறு. அவ்வூரார் வந்து நம் வீட்டுப் படலையைத் தட்டுவர் என்பது வேறு. ஆகவே இரண்டையும் தனித்தனியே ஆராய்வோம்.

முதலாவது வினாவை எடுத்துக்கொள்வோம். நம் சூரியன் பால்வெளி என்னும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு நட்சத்திரம். அக்கூட்டத்திலே 10,000 கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் உள. அவற்றையும் கிரகங்கள் சுற்றுகின்றனவோ என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 1995 இல் மிசேல் மாயோர், டிடியே கெலோ என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர் இருவர், சூரியனை ஒத்த நட்சத்திரமொன்றைச் சுற்றும் கிரகத்தை முதன்முதலாகக் கண்டறிந்தனர். அதன்பொருட்டு 2019 இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றனர். இன்றோ இத்தகைய கிரகங்கள் ஐயாயிரத்துக்கு மேல் அறியப்பட்டுள்ளன. நமக்கு மிக அண்மையிலுள்ள புறொக்சிமா சென்ரோறி என்னும் நட்சத்திரத்துக்கும் ஒரு கிரகம் உண்டென 2016 இல் அறிவித்தனர்.

உயிருக்கு வேண்டிய ஐதரசன், காபன், நைதரசன், ஒட்சிசன் ஆகிய மூலகங்களும் பூமிக்கு மட்டும் உரியன அல்ல. விண்ணெங்கும் பரந்து கிடக்கின்றன. 1969 இல் அவுஸ்திரேலியாவிலே மேச்சிசன் என்னும் ஊரருகே வீழ்ந்த விண்கல்லை ஆராய்ந்தபோது, புரதங்களுக்கு அடிப்படையான அமினோ அமிலங்கள் அதனுள்ளே காணப்பட்டன. செங்கல்லும் சுண்ணாம்பும் எங்குமிருக்க, வீடு இங்கு மட்டுமே கட்டப்பட்டது என்று துணிந்து கூறுதல் எளிதன்று.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. உயிர் என்பது வேறு. அறிவுள்ள உயிர் என்பது வேறு. பூமி தோன்றி ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகள் ஆயின. இங்கே உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளாவது ஆயின. அக்காலத்தின் பெரும்பகுதியிலே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே வாழ்ந்தன. நம் மனித இனத்தின் வயது சுமார் மூன்று இலட்சம் ஆண்டு. மார்க்கோனி அத்திலாந்திக் கடலைக் கடந்து வானொலிச் சமிக்ஞை அனுப்பியது 1901 இல். பிற உலகங்களுக்குக் கேட்கத்தக்க குரல் நமக்கு வந்து ஒரு நூற்றாண்டும் சில ஆண்டுகளுமே ஆயின. உயிர் தோன்றிய இடமெல்லாம் அறிவும் தோன்றியே தீரும் என்பதற்குச் சான்றில்லை. ஆகவே முதலாவது வினாவுக்கு 'இருக்கலாம்' என்பதே நேர்மையான விடை.

இனி இரண்டாவது வினா. வருவதற்குத் தடையாவது தூரம். தூரத்தைக் கோடிகளாலே சொன்னால் மனம் பற்றாது. நம் நாட்டுப் படத்தை வைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து முற்றவெளியிலே சூரியனை வைப்போம். அங்கிருந்து ஒரு மீற்றர் தூரத்திலே பூமியை வைப்போம். 15 கோடி கிலோமீற்றரை ஒரு மீற்றராகச் சுருக்கிவிட்டோம் என்க. இந்த அளவிலே சந்திரன் பூமியிலிருந்து ஒரு நெல்மணியின் அகலத் தூரத்தில் இருக்கும். மனிதர் இதுகாறும் நேரிற் சென்ற தூரம் அவ்வளவே. அடுத்த நட்சத்திரமாகிய புறொக்சிமாவை எங்கே வைப்பது? வன்னியைக் கடந்து, புத்தளத்தைக் கடந்து, நீர்கொழும்பிலே கொண்டுபோய் வைக்க வேண்டும். அதுவே அடுத்த வீடு. அதன் தூரம் 4.24 ஒளியாண்டு. ஒளி ஒரு செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடும். அத்தகைய ஒளிக்கே அங்கிருந்து இங்கு வந்துசேர நான்கு ஆண்டுக்கு மேற் செல்லும்.

1977 இல் அமெரிக்கர் ஏவிய வொயேஜர் 1 என்னும் கலமே மனிதன் செய்தவற்றுள் மிகத் தொலைவு சென்றது. அது செக்கனுக்கு ஏறக்குறைய 17 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரை நூற்றாண்டை அண்மித்த இவ்வோட்டத்திலே, நம் படத்தில் அது கடந்த தூரம் ஏறத்தாழ 170 மீற்றர் மாத்திரமே. முற்றவெளியைக்கூட இன்னும் கடக்கவில்லை! புறொக்சிமாவை நோக்கி இவ்வேகத்தில் ஒரு கலம் சென்றால், போய்ச்சேர 75,000 ஆண்டுகள் ஆகும்.

"நம்மினும் அறிவிற் சிறந்தோர் இன்னும் விரைவான கலம் செய்யமாட்டாரோ?" என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம். ஆயின் இயற்கையின் விதி அவர்களுக்கும் நமக்கும் ஒன்றே. ஒரு சிறிய மோட்டார் வண்டியின் எடை, அஃதாவது ஒரு தொன் எடையுள்ள கலத்தை ஒளியின் வேகத்திற் பத்திலொரு பங்கு வேகத்துக்கு உந்துவதற்கு, எவ்வித விரயமுமின்றிக் கணக்கிட்டாலும் ஏறக்குறைய 12,500 கோடி யூனிற் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வேண்டும். இலங்கை முழுவதிலும் ஓராண்டிலே உற்பத்தியாகும் மின்சாரத்தைப் போல ஏழு மடங்குக்கு மேற்பட்டது இது. சென்றடைந்த இடத்திலே வேகத்தைத் தணிப்பதற்கும் வழி வேண்டும். உயிருள்ளோர் ஏறி, உண்டு, மூச்சுவிட்டு, பல ஆண்டு வாழ்ந்து செல்வதாயின் ஒரு தொன் போதுமா? ஆயிரக்கணக்கான தொன் வேண்டும். அவ்வேகத்திலே ஒரு மில்லிகிராம் எடையுள்ள மணற்றுகள் எதிர்ப்படினும், நூறு கிலோகிராம் வெடிமருந்து வெடித்தாற் போன்ற தாக்கம் உண்டாகும். இத்தனைக்கும் அந்த வேகத்திற் புறொக்சிமாவிலிருந்து இங்கு வர 42 ஆண்டு ஆகும். அதுவோ அடுத்த வீடு. அறிவுள்ளோர் வாழும் வீடு ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பின் என் செய்வது?

இவ்விடத்திலே எதிர்வாதத்தையும் கேட்டல் முறை. 1950 இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்திலே, அணுவிஞ்ஞானி என்றிக்கோ பேர்மி நண்பர்களோடு மதிய உணவு கொண்டிருந்தார். வேற்றுலகத்தார் பலர் இருக்கக்கூடுமாயின் அவர்களெல்லாம் எங்கே என்னும் கருத்துப்பட அவர் திடீரென வினவினார். அவ்வினாவின் வலிமையைப் பாருங்கள். பால்வெளியின் குறுக்களவு ஏறக்குறைய ஓரிலட்சம் ஒளியாண்டு. ஒளியின் பத்திலொரு வேகத்திலே அதனைக் குறுக்கே கடக்கப் பத்து இலட்சம் ஆண்டு போதும். பால்வெளியின் வயதோ ஆயிரங் கோடி ஆண்டுக்கு மேல். உயிருள்ளோர் வரமுடியாவிடினும் சோர்வறியா இயந்திரங்களை அனுப்பலாமே! ஓர் இனமேனும் அவ்வாறு செய்திருந்தால், அவ்வியந்திரங்கள் இங்கே எப்போதோ வந்திருத்தல் வேண்டும். மைக்கேல் ஹாற் என்னும் அறிஞர் 1975 இல் இவ்வாதத்தை விரித்து, அவர்கள் இங்கே காணப்படாமையாற் பால்வெளியில் அவர்கள் இல்லை என்றே முடிவு கூறினார்.

ஆகவே, தூரம் பெரிது என்று சொல்லி இவ்விவாதத்தை முடித்துவிட இயலாது. வரக்கூடியவருக்கு வரவேண்டிய காரணம் யாது என்றும் ஆராய வேண்டும்.

கடல் கடந்து வந்தோரை நம் நாடு நன்கு அறியும். 1505 இல் போர்த்துக்கேயரின் கப்பல் இங்கு வந்தது. அவர்களை இத்தீவிலே நிலைபெறச் செய்தது கறுவா. 1619 இல் யாழ்ப்பாண அரசும் அவர்கள் வசமாயிற்று. நல்லூர்க் கோயிலும் பின்னர் இடிக்கப்பட்டது. இத்தகைய வரலாற்றை நினைந்தே, ஸ்ரீபன் ஹோக்கிங் என்னும் பேரறிஞர் 2010 இல் ஓர் எச்சரிக்கை விடுத்தார். கொலம்பஸ் வந்தது அமெரிக்காவின் பழங்குடிகளுக்கு நன்மையாய் முடியவில்லை. வேற்றுலகத்தார் வருகையும் அவ்வாறே முடியலாம் என்றார்.

எச்சரிக்கை மதிக்கத்தக்கதே. எனினும் உவமையைச் சற்று உரைத்துப் பார்ப்போம். போர்த்துக்கேயர் அவ்வளவு தூரம் வந்தமைக்குக் காரணம், நல்ல கறுவா அவர்கள் நாட்டிலே விளையாமை. பூமியிலே அவ்வாறு வேறெங்கும் கிடையாத பொருள் யாது? இரும்பா? விண்கற்களிலே ஏராளம். தண்ணீரா? வால்வெள்ளிகளிலும் வியாழனின் உபகிரகங்களிலும் பனிக்கட்டியாய்க் குவிந்து கிடக்கிறது. பொன்னுக்காக ஓர் உலகின் சக்தியையெல்லாம் செலவிட்டு வருபவன், ஒரு சதம் எடுக்க ஆயிரம் ரூபா செலவழிப்பவனை ஒப்பான். வேறெங்கும் எளிதிற் கிடையாதது பூமியில் ஒன்றே உண்டு. அது இங்குள்ள உயிர்க்குலம். புல்லும் பூச்சியும், யானையும் திமிங்கிலமும், நம் மொழிகளும் பாடல்களுமே பூமியின் கறுவா.

அதனை அறிய விரும்புவோர் நேரில் வரவேண்டுமோ? இங்கேதான் எமது கருத்தின் உயிர்நிலை இருக்கிறது. பூமியின் காற்றிலே ஒட்சிசன் கலந்து 200 கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அது பெரும்பாலும் உயிர்கள் வெளிவிட்ட வாயு. தக்க தொலைநோக்கி உடையோர், தத்தம் உலகிலிருந்தே நம் காற்றினூடு வரும் ஒளியைப் பகுத்து, 'இவ்வீட்டில் ஆளிருக்கிறது' என்று ஊகிக்கலாம். நாமே அவ்வேலையைத் தொடங்கிவிட்டோம். 2021 டிசெம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நின்றவாறே பல ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள கிரகங்களின் காற்றை ஆராய்கிறது. நாம் அங்கே போகவில்லை. ஒளி நம்மிடம் வருகிறது. அறிவு வளர வளர, நேரிற் செல்லவேண்டிய தேவை குறைகின்றது.

இதனால் இன்னுமோர் உண்மையும் புலனாகும். நம்முடைய வானொலியைக் கேட்டுத்தான் அவர்கள் நம்மை அறியவேண்டும் என்பதில்லை. 200 கோடி ஆண்டுகளாக நம் வாசலில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அத்தனை நெடுங்காலத்திலும் எவரும் வந்துபோன சுவடு ஒன்றேனும் இங்கு அகப்படவில்லை. அண்மையில் எவரும் இல்லை. அன்றேல் இருப்போர் பார்ப்பதோடு அமைந்துவிடுகின்றனர். இவ்விரண்டில் எது உண்மையாயினும் முடிவு ஒன்றே: அவர்கள் வருவர் என்று எதிர்பார்க்க நியாயமில்லை.

"வந்துவிட்டார்களே! பறக்கும் தட்டுகளைப் பலர் கண்டார்களே!" என்று சிலர் சொல்வர். 1947 யூன் 24 இல் கெனத் ஆணல்ட் என்னும் அமெரிக்க விமானி, மலைச்சாரலிலே ஒன்பது பொருள்கள் விரைந்து சென்றதைக் கண்டதாகச் சொன்னார். பத்திரிகைகள் அவற்றுக்குப் 'பறக்கும் தட்டு' எனப் பெயர் சூட்டின. அமெரிக்க விமானப்படை 1969 வரை 12,618 செய்திகளை ஆராய்ந்தது. 701 தவிர ஏனைய யாவும் நட்சத்திரம், விமானம், பலூன் முதலியன என விளங்கின. எஞ்சிய 701 உம் 'இன்னதென அறியப்படாதவை' என்னும் அளவிலேயே நின்றன. அறியப்படாதது என்றால் வேற்றுலகத்தது என்று பொருளன்று. நாசா அமைத்த ஆய்வுக் குழுவும் 2023 இல், இத்தகைய காட்சிகள் வேற்றுலகத்தவை என்பதற்குச் சான்று இல்லையென்றே அறிக்கை விடுத்தது.

2017 ஒக்டோபரிலே, வேறொரு நட்சத்திரத்தின் பாற்பட்ட பொருளொன்று முதன்முதலாக நம் சூரியன் அருகே வந்து சென்றதை ஹவாய்த் தீவுகளிலுள்ள தொலைநோக்கி கண்டது. அதற்கு 'ஓமுவாமுவா' எனப் பெயரிட்டனர். அதுவும் செயற்கைக் கலமோ என்று சிலர் ஐயுற்றனர். இயற்கைப் பொருளே என்பது பெரும்பான்மையான அறிஞரின் துணிபு. அதன்பின் 2019 இலும் 2025 இலும் மேலும் இரண்டு பொருள்கள் அவ்வாறு வந்தன. அவை வால்வெள்ளிகள். பிற நட்சத்திரங்களிலிருந்து நமக்கு விருந்தினர் வருவது உண்மையே. ஆனால் அவ்விருந்தினர் கல்லும் பனியுமாய் இருக்கின்றனர்.

பண்டைக்கால அற்புதக் கட்டடங்களை வேற்றுலகத்தார் கட்டினர் என்று எழுதுவோரும் உளர். இஃது உழைத்தோரை இழிவுசெய்யும் பேச்சு. எகிப்திலே பிரமிட்டுக் கட்டிய தொழிலாளரின் குடியிருப்பையும், அவர்களுக்கு ரொட்டி சுட்ட இடங்களையும், அவர்களின் கல்லறைகளையும் ஆய்வாளர் அகழ்ந்து எடுத்துள்ளனர். மனிதன் கையால் ஆனதை மனிதனுக்கே கொடுத்தல் நியாயம்.

அப்படியாயின் அவர்களிடமிருந்து நமக்கு எதுவுமே வராதா? செய்தி வரலாம். செய்திக்கு உணவு வேண்டா; அது ஒளியின் வேகத்திற் செல்லும். 1959 இல் கொக்கோனி, மொறிசன் என்னும் இருவர் இக்கருத்தை விளக்கிக் கட்டுரை எழுதினர். 1960 இல் பிராங் டிறேக் என்பவர் அமெரிக்காவின் கிறீன் பாங்கிலே இரண்டு நட்சத்திரங்களை நோக்கி வானொலித் தொலைநோக்கியைத் திருப்பிக் காதுகொடுத்தார். 1977 ஓகஸ்ட் 15 இல் ஒகையோவிலே 72 செக்கன் நேரம் ஒரு வலிய சமிக்ஞை பதிவாயிற்று. அது மீண்டும் ஒலிக்கவேயில்லை. இன்றுவரை உறுதியான செய்தி எதுவும் கிட்டவில்லை. நாமும் 1974 இல் புவர்ற்றோ றிக்கோவிலுள்ள அரசிபோ நிலையத்திலிருந்து ஒரு செய்தி அனுப்பினோம். அது சென்றுசேர ஏறக்குறைய 25,000 ஆண்டு ஆகும். அனுப்பிய அந்தப் பெருந் தொலைநோக்கியோ 2020 இல் இடிந்து வீழ்ந்தது. பேசியவன் வாய் மூடிவிட்டது. பேச்சு இன்னும் வழியில் இருக்கிறது!

இந்து இளைஞர்களாகிய உங்களுக்கு ஒரு வார்த்தை. நாளை வேற்றுலகிலே உயிருண்டு என்று நிறுவப்பட்டால் நம் சமயத்துக்கு யாதும் இடருண்டோ எனில், இல்லை. உயிர்கள் எண்ணிறந்தன, அவற்றுக்கு இறைவன் தனு கரண புவன போகங்களை அளிக்கிறான் என்பது சைவசித்தாந்தம். புவனம் இது ஒன்றே என அது சொல்லவில்லை. மணிவாசகப் பெருமான் திருவண்டப்பகுதியிலே, கோடிக்கணக்கான அண்டங்களும் இறைவன் முன்னிலையில் வெயிற் கீற்றிலே மிதக்கும் சிறு துகள் போல்வன என்று பாடியருளினார். இவ்வகன்ற நோக்கு நமக்குப் பெருமை. ஆயின் இதனைக்கொண்டு, இன்றைய வானசாஸ்திரம் முழுவதும் நம் நூல்களில் உண்டென்றும், புட்பக விமானம் விண்கலமென்றும் வாதிடுதல் வேண்டா. மணிவாசகர் இறைவன் பெருமையைப் பாடினார். நட்சத்திரங்களைக் கணக்கெடுக்க முற்படவில்லை. சமயத்தைச் சமயமாகவும் விஞ்ஞானத்தை விஞ்ஞானமாகவும் கற்போர்க்கு இரண்டும் பயன்படும்.

நிறைவாக ஒன்று. விண்வெளிக் கதைகளாற் புகழ்பெற்ற ஆதர் சி. கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். 2007 டிசெம்பரிலே தம் தொண்ணூறாவது பிறந்தநாளையொட்டி மூன்று விருப்பங்களை வெளியிட்டார். பூமிக்கு அப்பால் உயிருண்டு என்பதற்குச் சான்று கிட்டவேண்டும் என்பது ஒன்று. எண்ணெய் எரிபொருளில் தங்கியிருக்கும் பழக்கத்தை மனிதர் விடவேண்டும் என்பது மற்றொன்று. இலங்கையிலே நிலையான சமாதானம் வேண்டும் என்பது மூன்றாவது. அன்று நம் மண்ணிலே போர் நடந்துகொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் வேற்றுலகத்தாரைக் கற்பனை செய்த அக்கிழவர், இம்மூன்றையும் ஒரே மூச்சிலே கேட்டார்.

அவற்றுள் முதலாவது நம் கையில் இல்லை. மற்றை இரண்டும் மனிதர் கையில் உள்ளன. பேர்மியின் வினாவுக்குச் சிலர் கூறும் விடையொன்று உண்டு: அறிவு பெற்ற இனங்கள் அண்டை வீட்டாரைச் சந்திக்கும் முன்னரே, தம் கருவிகளாலே தாமே அழிந்துபோகின்றன என்பர். அது மெய்யோ பொய்யோ, நம்மளவில் அதைப் பொய்யாக்குவது நம் கடன். நம் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையுள்ளே தேங்கும் கிணற்று நீரை மட்டுமீறிய உரம் கெடுக்கிறது. அதனைக் காப்பதற்கு எந்த விண்கலமும் வந்திறங்காது. போரின் வடு ஆறாத மனங்களை ஆற்றவும் எவரும் வரார்.

ஆகவே, இளைஞர்களே, வானத்தைப் பாருங்கள்; நன்றாகப் பாருங்கள். கணிதமும் பௌதிகமும் கற்றுப் பாருங்கள். செய்தி வருமாயின் அதைக் கேட்கும் காதுகளுள் ஒன்று நம் ஊர்ப் பிள்ளையின் காதாக இருக்கட்டும். வருவார் வருவார் என்று வாசலிலே காத்திருத்தல் வேண்டா. ஆட்கள் உள்ள வீடென நாமறிந்தது இன்றுவரை இது ஒன்றே. இதைக் கூட்டித் துடைத்து, சண்டை சச்சரவின்றி வைத்திருப்போமாக.